முற்றிய பாலாடைக்கட்டி நீங்கலாக

ஒவியேதோவில் டாக்டர் லியானெசா
தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.
இதெல்லாம் கூடாது:
உலர்த்திய பன்றித்தொடை, புளிக்கவைத்த முட்டைக்கோஸ்,
சோயா, பீப்பாய் பீர்,
முற்றிய பாலாடைக்கட்டி, குறிப்பாக நீலம் பூத்தது.
‘குறிப்பாக’வின் கீழ் பேனாவால் ஒரு கோடு.
பிறகுதான் என் விரல்களைப் பார்த்தார்,
நகக்கண்ணில் இருந்த நீலத்தை.

சிரித்துவிட்டேன்.
பதினான்கு மாதத்தில் முதல் சிரிப்பு.
அதையும் கோப்பில் குறித்துக்கொண்டார்,
ஏறத் தொடங்குகிறதா என்று பார்க்க.

முன்னால் வந்துபோனவர்களைச் சொல்ல வேண்டும்.
லித்தியம், ஒன்பது வருடம்.
நான் பொங்கும்போது அணைத்தது, பொய் சொல்லக் கூடாது.
விழுந்து கிடந்த குளிர்காலங்களில் மட்டும்
உப்புக்குச் சப்பாணியாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.
லாமோட்ரிஜினை இருபத்தைந்தில் தொடங்கி
பாலுக்கு உறை விடும் பொறுமையோடு ஏற்றினோம்.
ஐந்தாம் வாரம் கழுத்தில் தடிப்பு.
அன்றே நிறுத்தச் சொன்னார்கள்.
க்வெட்டியாபின் தூங்கவைத்தது.
தூங்கவைத்தது.
மடி கட்டி ஆடுகள் கதறியதுகூட
பக்கத்து ஊர்ச் சங்கதியாகக் கேட்டது.
வேறொரு டாக்டர் துணை மருந்தில்லாமல் கொடுத்த
மனச்சோர்வு மாத்திரை
பதினோரு நாளில் என்னை எழுப்பி நிறுத்தி
இல்லாத பணத்தில் பதினாறு கறவை மாடு வாங்கவைத்தது.
மாடுகள் நல்லவை. வங்கிதான் சரியில்லை.
மின்சிகிச்சை பன்னிரண்டு முறை.
வெளிச்சம் வந்தது, உண்மை.
கூடவே நாயின் பெயர் போயிற்று.
“மோரா” என்று செஃபெரினோ எடுத்துக்கொடுத்தான்.
நாய் மன்னித்துவிட்டது.
வெளிச்சம் ஆறு வாரம் தங்கியது.

கடைசிச் சீட்டு என்று யாரும் சொல்லவில்லை.
“பழைய மருந்து” என்றார் லியானெசா.
“லித்தியத்தை விடாமல், அதோடு சேர்த்து.”
ட்ரானில்சிப்ரோமின்.
சொல்வதற்கே நாக்கு நாலு முறை மடங்குகிறது.
தின்னக் கூடாததைத் தின்றால் ரத்தம் எகிறும்,
பின்மண்டையில் சம்மட்டி விழுந்தால்
யோசிக்காமல் ஆம்புலன்ஸ்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை.
நான்காவதில் ஒரு செவ்வாய்
காலுறை இரண்டையும் ஒரே மூச்சில் போட்டுக்கொண்டேன்,
ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே
சுவரைப் பார்த்து உட்காராமல்.
அவ்வளவுதான். மேளதாளம் இல்லை.

குகைக்கு ஏறினேன்.
சுண்ணாம்புப் பாறை வியர்த்துக்கொண்டிருந்தது.
நான் படுத்திருந்த மாதங்களில்
யாரும் திருப்பிப்போடாத நாற்பது சக்கரங்கள்,
அடியில் ஈரம், மேலே வெடிப்பு.
செஃபெரினோவை என்ன கேட்பது?
அவன் மருத்துவமனை நாற்காலியில் இருந்தான்.

துளைக்குழாயைக் குத்தி இழுத்தேன்.
நீலம் நரம்பாய் ஓடியிருந்தது.
வாசனை மூக்கில் ஏறி நெற்றியில் நின்றது.
கைக்கு எட்டியாயிற்று.
மீதிப் பழமொழி உங்களுக்கே தெரியும்.

“நீ தின்று சொல்.”
மென்றான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.
“நல்லாயிருக்கு.”
“எப்படி நல்லா?”
“பாலாடைக்கட்டி மாதிரி.”
இருபத்திரண்டு வருடம் இந்த மனிதனோடு,
இந்தக் கப்ராலெஸ் மலையில்.
“கசப்பு முன்னாலா, பின்னாலா?”
இன்னொரு துண்டு. நெடுநேரம்.
“பின்னால்.
காலை மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தபின்
முகம் சுளிப்பாயே,
அந்த இடத்தில்.”

இருபத்தாறு தேறும். பதினாலு பன்றிக்கு.
சாக்கட்டியால் பலகையில் எழுதினேன்.

மத்தியானம் எனக்கு அன்று கடைந்த வெள்ளைக் கட்டி,
இன்னும் எந்த ருசியும் வந்து சேராதது.
உப்பு போட்டுத் தின்றேன், நேற்றைய அளவே.
உப்பைக் கூட்டாதே குறைக்காதே என்பது
லித்தியத்தோடு பழைய ஒப்பந்தம்.

பிறகு மறுபடி மேலே போனேன்.
பலகையில் தேதி போட மறந்திருந்தேன்.
அடுத்து திருப்ப வேண்டிய நாள்: வியாழன்.
அதற்கடுத்தது: திங்கள்.
எழுதிவிட்டு சற்று நின்றேன்,
யாரோ வந்து அழிப்பார்கள் என்பதுபோல.